அறளை பெயர்தல்: ஒரு சொல்லின் தடம்

யாழ்ப்பாணத்தில் பைத்தியத்துக்கு விசர் என்று பெயர். கடிக்க வரும் நாய்க்கு விசர் பிடித்தால் அது விசர்நாய். அந்தக் கடியால் வரும் நோயைச் சுகாதாரப் பகுதியினரின் அறிவித்தல்களும் விசர்நாய்க்கடி என்றே எழுதும். கோபம் வந்தால் ‘விசரா’ என்பார்கள். செல்லம் வந்தால் ‘போடி விசரி’ என்பார்கள். பொருளில்லாத பேச்சு விசர்க்கதை. இவ்வளவு தாராளமாகப் புழங்கும் சொல்லை ஓரிடத்தில் மட்டும் யாரும் வாயில் எடுப்பதில்லை. எண்பது வயதில் தான் பெற்ற பிள்ளையைப் பார்த்து ‘நீ ஆர்?’ என்று கேட்கிறவருக்கு, கை கழுவிய ஈரம் காயுமுன் ‘எனக்கு இன்னும் சோறு போடேல்லை’ என்கிறவருக்கு, விசர் என்று எங்கள் பக்கத்தில் சொல்லமாட்டார்கள். ‘அவருக்கு அறளை பேந்திட்டுது’ என்பார்கள்.

வேறு சொல் இருப்பதால் வேறு நடத்தையும் இருக்கிறது. விசர் என்ற பேச்சு எழுந்த வீட்டில் கலியாணப் பேச்சு தடைப்படும். அறளை பெயர்ந்த கிழவர் விறாந்தையில் இருக்கிற வீட்டுக்கு அந்தத் தடை இல்லை. சம்பந்தம் பேச வந்தவர்களே அவருக்குப் பக்கத்தில் இருந்து இரண்டு கதை கதைத்துவிட்டுப் போவார்கள். முதுமையின் கணக்கில் எழுதப்பட்ட குறைக்கு வெட்கம் கிடையாது. இந்தச் சொல் நூற்றுக்கணக்கான முதியவர்களை இழிவிலிருந்து காப்பாற்றியிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதே சொல்தான் அவர்களில் பலரை வைத்தியரிடம் போகவிடாமலும் செய்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லவே இந்தக் கட்டுரை.

அந்தச் சொல் புழங்கும் ஊர்களில் ஒன்றான புளியங்கூடல், யாழ்ப்பாணத்தை அடுத்த வேலணைத் தீவில் இருக்கிறது. ஒல்லாந்தர் இந்தத் தீவுக்கு லைடன் என்று தங்கள் நாட்டு ஊரின் பெயரை வைத்தார்கள். காரைநகருக்கு அம்ஸ்ரடாம், நெடுந்தீவுக்கு டெல்ப்ற் என்று அந்த வரிசை நீளும். தீவுக்கு அயலூர்ப் பெயர் ஒட்டியது. ஊருக்குள் எதுவும் ஒட்டவில்லை. புளிகள் கூடி நின்ற இடம் புளியங்கூடல், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, சரவணை என்று வந்து ஊர்காவற்றுறைக்குப் போகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டிப் போவார்கள். மகாமாரி அம்மன் கோயில் திருவிழா என்றால் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் சனம் வந்து இறங்கும். மற்ற மாதங்களில் பூட்டிய கேற்றுகள், வளவு முழுக்கச் சருகு, ஒரு வீட்டுக்கு ஒருவரோ இருவரோ என்று தங்கிப்போன முதியவர்கள். அறளை என்ற சொல்லை இங்கே தேடிப் போகவேண்டியதில்லை. ஒரு பின்னேரத்தில் நாலு படலை தட்டினால் ஒரு வீட்டிலாவது அந்தப் பேச்சு வரும்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். அறளை என்பது இன்று எங்கள் பேச்சில் தனியே நிற்பது அரிது. அதைத் தாங்கிக்கொண்டு வருவது பெயர்தல் என்ற வினை. பொருளின் பாரம் முழுவதும் அந்த வினையில்தான் இருக்கிறது. பெயர்தல் என்றால் இருந்த இடத்தை விட்டு அசைந்து விலகுதல். சுவரில் பூச்சுப் பெயரும், அத்திவாரக் கல் பெயரும், குதிக்கால் தோல் பெயரும். நன்றாகப் பொருந்தியிருந்தது ஒன்று கழன்று வருகிறபோது மட்டுமே இந்த வினை பொருந்தும். முதலிலேயே ஒட்டாதிருந்ததற்குப் பெயர்ந்தது என்று சொல்ல முடியாது. ஆகவே ‘அறளை பேந்திட்டுது’ என்கிறவர், சொல்லாமலே ஒன்றைச் சொல்லிவிடுகிறார்: இந்த மனிசன் நேற்று வரைக்கும் சரியாக இருந்தவர், நான் அறிவேன்.

பேச்சில் பெயர்ந்து என்பது பேர்ந்து ஆகி, பேந்து ஆகும். யாழ்ப்பாணத்தாருக்குப் பேந்து இல்லாமல் ஒரு நாளும் போகாது. ‘பேந்து வாறன்’, ‘பேந்தென்ன நடந்தது?’, ‘அது பேந்து பாப்பம்’. பிறகு என்ற பொருளில் வருகிற இந்தச் சொல்லும் அதே பெயர்ந்துதான். பழைய இலக்கியத்தில் பெயர்த்தும் என்றால் மீண்டும் என்று பொருள். அந்தக் குடும்பத்துப் பிள்ளை இது. ஓர் இடத்திலிருந்து அசைந்து அடுத்ததற்குப் போகிறதைக் காலத்துக்கும் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் தீவுப்பகுதியில் இந்த வினையைப் பற்றிப் பேச முடியாது. இடம்பெயர்வு. 1990, 91 காலத்தில் இராணுவ நடவடிக்கைகளால் தீவுப்பகுதியின் ஊர்கள் வெறுமையாகின. வேலணை, சரவணை, புளியங்கூடல், நாரந்தனை, கரம்பொன் என்று வரிசையாகச் சனம் வெளிக்கிட்டது. குடாநாட்டில் தெரிந்தவர் வீடு, பள்ளிக்கூடம், கோயில் மடம், பிறகு வன்னி, பிறகு கொழும்பு, பிறகு வெளிநாடு. ‘நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த காலம்’ என்று தொடங்காத குடும்பக் கதை இங்கே இல்லை. அலுவலகப் படிவத்தில் இடம்பெயர்ந்தோர் என்று ஒரு கட்டம். ஒரே வினை ஒரு தலைமுறையின் காலையும் பெயர்த்தது, அதே தலைமுறை முதுமை எய்தியபோது நினைவையும் பெயர்க்கிறது. இதைச் சொல் விளையாட்டாக நான் எழுதவில்லை. இரண்டும் ஒரே ஆளில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வேறு மொழிக்காரர் இந்த நிலையை எப்படிப் பெயரிட்டார்கள் என்று பார்த்தால், அறளை பெயர்தலின் அருமை விளங்கும். மருத்துவ உலகம் சொல்லும் டிமென்சியா இலத்தீனில் பிறந்தது. மென்ஸ் என்றால் மனம். முன்னால் வரும் டி என்பது விலகலைக் குறிக்கும். மனம் விலகிய நிலை. எங்கள் கிழவிகள் இலத்தீன் படிக்காமலே அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இந்தியில் சட்டியானா என்பார்கள். அறுபதைக் குறிக்கும் சாட் என்ற சொல்லிலிருந்து வந்தது. அறுபது தாண்டினால் அப்படித்தான் என்ற இளப்பம் அதில் ஒட்டியிருக்கிறது. கேரளத்தில் முதுமை மறதியைப் பற்றி ஆராயப் போனவர்கள் ஊரார் அதைச் சின்னன் என்று சொல்வதைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். சின்னப்பிள்ளையாகிவிட்டார் என்ற கருத்து. எங்களுக்கும் சின்னன் என்றால் குழந்தைதான். ஆனால் முதியவரைச் சின்னன் என்று நாங்கள் சொல்வதில்லை. ஜப்பானில் இந்த நோய்க்கு வைத்திருந்த பழைய பெயர் மடமை என்று பொருள்படும் எழுத்துகளால் ஆனது. அந்தப் பெயருக்கு வெட்கப்பட்டே சனம் வைத்தியரிடம் வரத் தயங்குகிறது என்று கண்டு, 2004-இல் அரசாங்கமே அதை மாற்றி, அறிதிறன் சார்ந்த நோய்நிலை என்று பொருள்படும் புதுப்பெயர் வைத்தது. ஒரு நாடு சட்டென்று முடிவெடுத்துச் செய்யவேண்டியிருந்த வேலையில் பாதியை எங்கள் பேச்சுவழக்கு முன்னமே செய்துவைத்திருந்தது.

விசர் பட்ட பாட்டை எண்ணினால் இது இன்னும் தெளிவாகும். பைத்தியம் என்ற சொல்லில் முதலில் ஒரு குற்றமும் இல்லை. அது பித்தத்தின் வழி வந்த வடசொல். பித்தம் மிகுந்ததால் வந்த நோய் என்று மட்டும் பொருள். பித்தன் என்பது சிவனுக்குப் பெயர். சுந்தரர் தன் முதற் பதிகத்தை அந்த விளியோடுதான் தொடங்கினார். நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகளை ஊர் விசரன் என்று சொன்னது. யோகர் சுவாமி அவரையே குருவாகக் கொண்டார். பிறகு சுவர்களும் பூட்டுகளும் வந்தன. கொழும்புக்குப் பக்கத்தில் அங்கொடையில் 1927-இல் மனநோய் வைத்தியசாலை திறந்தபிறகு, அங்கொடை என்ற பாவப்பட்ட ஊர்ப்பெயர் நாடு முழுவதற்கும் வசையாகிவிட்டது. வடக்கில் மந்திகைக்கும், சென்னையில் கீழ்ப்பாக்கத்துக்கும் அதே கதி. கடலுக்கு அந்தப் பக்கம், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் மனநோயாளர் விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்தபடியால் ஓட முடியாமல் 28 பேர் எரிந்து போனார்கள். அன்றைக்குப் பிறகு அந்த ஊர்ப்பெயரை எந்தத் தமிழனும் வெறும் ஊர்ப்பெயராகக் கேட்க முடியாது. அறளைக்கு இப்படி ஓர் ஊர் இல்லை, சுவர் இல்லை, சங்கிலி இல்லை. அதன் இடம் வீட்டு விறாந்தை.

ஆனால் விறாந்தையோடு முடிந்துபோனதுதான் குறை. ‘வயசு போனால் அப்பிடித்தான்’ என்பது அறளையின் இரட்டைப்பிள்ளை. இந்த இரண்டு வசனமும் சேர்ந்தால் வைத்தியசாலைப் பக்கம் யாரும் திரும்பமாட்டார்கள். காலில் புண் வந்தால் ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைக்கு ஓட்டோ பிடிக்கிற அதே பிள்ளைகள், தாய் மூன்று மாதத்துக்குள் ஆளே மாறிப்போனதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். வயது போனால் எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. ராகமைப் பகுதியில் நடந்து 2003-இல் வெளிவந்த ஆய்வு, 65 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கு டிமென்சியா இருப்பதாகக் கண்டது. மிச்சம் தொண்ணூற்றாறு பேரும் வயது போனவர்கள்தான்.

அறளையை நோய் என்று ஒப்புக்கொள்ள மூளை என்ற சொல்லின் வழியாகப் போகவேண்டும். அந்தச் சொல்லின் பயணம் நான் அறிந்த சொற்கதைகளில் மிக அழகானவற்றில் ஒன்று.

இன்றைக்கு மூளை என்றால் மண்டையோட்டுக்குள் இருப்பது. முன்பு அப்படி மட்டும் இல்லை. சித்த மருத்துவம் சொல்லும் ஏழு உடற்கட்டுகளை எண்ணிப் பாருங்கள்: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, வெண்ணீர். என்புக்கு அடுத்ததாக வைத்த மூளை, என்புக்குள் ஊறியிருக்கும் சத்து. ஆட்டிறைச்சிக் கறி வைத்த நாளில் மூளையெலும்பு எனக்கு என்று சண்டை பிடித்த பிள்ளைகளுக்கு இந்தப் பழம்பொருள் நாக்கிலேயே இருக்கும். அயல்மொழிகளையும் கேட்டால், தெலுங்கில் மூலுக என்பது என்புக்குள் இருக்கும் சத்து. கன்னடத்தில் மூளெ என்றால் எலும்பேதான். ஒரே வேர் கன்னடத்தில் எலும்பாகவும் தெலுங்கில் அதன் உள்ளீடாகவும் தமிழில் தலைக்குள் இருப்பதாகவும் நிற்கிறது. எலும்புப் பெட்டிக்குள் இருக்கும் மென்மையான சத்து என்ற அளவில் மண்டையும் ஒரு பெரிய எலும்பு, அவ்வளவே. பிறகு வடமொழியிலிருந்து மச்சை வந்து என்பு மச்சை என்று பாடப்புத்தகத்தில் குந்திவிட, மூளை எலும்பை விட்டுப் பெயர்ந்து முழுவதுமாகத் தலைக்குக் குடிபோனது.

நினைப்பதும் அறிவதும் அந்த உறுப்பின் வேலை என்று தமிழில் எழுதிப் படிப்பித்த முதல் இடங்களில் ஒன்று, புளியங்கூடலிலிருந்து கடல்நீரேரியைக் கடந்தால் வரும் மானிப்பாய். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று நம்பிய மனிதர். தன் மாணவர்களோடு சேர்ந்து நூல்களை மொழிபெயர்த்தார், கலைச்சொல் தொகுத்தார். கிரேயின் உடற்கூற்று நூல் 1872-இல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. அதற்கு முந்திய தமிழில் நினைப்பின் இருப்பிடம் நெஞ்சும் உள்ளமும். இன்றும் ‘மனம் கேக்கேல்லை’ என்று சொல்லும்போது எங்கள் கை நெஞ்சுக்குத்தான் போகிறது, தலைக்குப் போவதில்லை. சிரரோகம் பற்றித் தனிப்பகுதி வைத்திருந்த பரராசசேகரம் போன்ற யாழ்ப்பாணத்து வைத்திய நூல்கள் இருந்தும், நினைவு மங்குவது தலைக்குள் நடக்கும் ஒரு சேதம் என்ற எண்ணம் ஊருக்குள் ஊறவில்லை. ஆகவே அறளை எந்த உறுப்பிலும் வந்து இறங்கவில்லை. உறுப்பு இல்லாத நோய்க்கு மருந்து கேட்டு யார் போவார்?

இறங்கவேண்டிய இடத்தை இப்போது சொல்லலாம். ஏறக்குறைய 1,300, 1,400 கிராம் எடையுள்ள மூளை, உடம்பின் நிறையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்திலொரு பங்கை அது ஒன்றே தின்கிறது. ஆகவே இரத்தம் போகும் வழியைக் கெடுக்கும் எதுவும், உயர் இரத்த அழுத்தமோ நீரிழிவோ புகைத்தலோ, அதையும் தாக்கும். மூளையின் இரு பக்கமும் காதுக்கு நேரே உள்ளே, புது நினைவுகளைப் பதிந்து வைக்கிற ஒரு சிறு பகுதி இருக்கிறது. 1587-இல் இத்தாலிய வைத்தியர் அரான்சி அதன் வளைவைப் பார்த்து ஹிப்போகாம்பஸ், அதாவது கடற்குதிரை, என்று பெயர் வைத்தார். பாக்குநீரிணைக் கடற்புல்லுக்குள் வலையில் சிக்கும் கடற்குதிரையைக் கண்ட தீவார் எவருக்கும் அந்த வளைவை விளக்கவேண்டியதில்லை. அறளைக்குப் பெருங்காரணமான அல்சைமர் நோய் முதலில் கைவைப்பது பெரும்பாலும் இந்தக் கடற்குதிரையில்தான். 1906-இல் அலோயிஸ் அல்சைமர், பிராங்பேர்ட் வைத்தியசாலையில் தான் பார்த்த ஒரு பெண் இறந்தபின் அவரது மூளையை நுண்காட்டியில் ஆராய்ந்து, அங்கே படிந்து கிடந்த புரதத் திட்டுகளையும் நார் முடிச்சுகளையும் எடுத்துச் சொன்னார். அந்தப் பெண் வைத்தியசாலைக்கு வந்தபோது வயது 51. முதுமை என்று தள்ளிவிட முடியாத வயது. நான்கு வருடம் கழித்து மனநல வைத்தியர் கிரேப்லின் தன் பாடநூலில் அந்த நோய்க்கு அல்சைமரின் பெயரை இட்டார். அந்தப் படிவுகள் வெளியே தெரிய வருவதற்குப் பத்து, இருபது வருடம் முன்னரே தொடங்கிவிடுகின்றன என்பதை இப்போது அறிகிறோம்.

புது நினைவைப் பதிகிற இடம் முதலில் பழுதாவதால், காலையில் வந்த ஆள் மறந்துபோகும், நாற்பது வருடத்துக்கு முந்தியது துலக்கமாக நிற்கும். பிரெஞ்சுக்காரர் ரிபோ 1881-இலேயே எழுதிவைத்த ஒழுங்கு இது: கடைசியாக வந்தது முதலில் போகும், முதலில் வந்தது கடைசியில் போகும்.

என் பெரியம்மாவை வைத்து இதைச் சொல்கிறேன். யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பி, வீட்டைத் திருத்திக் குடியிருந்தவ. கொஞ்சம் கொஞ்சமாக அறளை பெயரத் தொடங்கியது. பகலில் சுகம். கோழிக்குத் தவிடு குழைப்பா, பத்திரிகையை விரித்துத் தலைப்பைச் சத்தமாக வாசிப்பா. பொழுதுபட்டால் வேறு ஆள். அலுமாரியைத் திறந்து, ஒரு சீலைத் துண்டை நிலத்தில் விரித்து, அதற்குள் அடையாள அட்டை, குடும்ப அட்டை, இரண்டு மாற்றுடுப்பு, ஒரு பொட்டலம் சீனி, ஒரு பெட்டி நெருப்புக்குச்சி என்று அடுக்கி முடிச்சுப் போடுவா. அந்த அடுக்கில் ஒரு பிசகும் இராது. இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாத கை, எதை எடுத்துக்கொண்டு ஓடவேண்டும் என்பதை மறக்கவேயில்லை.

“பெரியம்மா, என்ன செய்யிறியள்?”

“வெளிக்கிடு மோனை. இருட்ட முந்தி வள்ளம் பிடிக்கவேணும்.”

“எங்கை போறம்?”

“எங்கையெண்டு ஆருக்குத் தெரியும். இஞ்சை இருக்கேலாது.”

முதலில் நாங்கள் மறுத்துப் பேசினோம். ‘சண்டை முடிஞ்சுது பெரியம்மா, ஆமி வராது, இது உங்கடை வீடு’ என்று. மறுக்க மறுக்க அவவின் பதற்றம் ஏறியது. வீட்டுக்கு வந்து போன ஒரு தாதிதான் வழி காட்டினா: மறுக்காதையுங்கோ, கூட இருங்கோ, விளக்கை வெளிச்சமாய்ப் போடுங்கோ, கையைப் பிடியுங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடுவம் எண்டு சொல்லுங்கோ. அதன்படி செய்தோம். தேத்தண்ணி ஆறுமுன் பயணம் மறந்துபோகும். பொழுதுபடும் நேரத்தில் குழப்பம் கூடுவது இந்த நோயில் பரவலாகக் காணப்படுவது; வெளிச்சமும் பழகிய முகமும் அதைத் தணிக்கும். ஆனால் அந்தக் குழப்பம் எந்த உருவத்தில் வரும் என்பதை அவரவர் வாழ்க்கைதான் தீர்மானிக்கிறது. எங்கள் தீவாருக்கு அது மூட்டை முடிச்சாக வருகிறது. யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் யுத்தத்தின் உளப் பாதிப்பை வாழ்நாள் முழுவதும் எழுதி வந்தவர். மனவடு என்ற சொல் எங்கள் பேச்சில் பதிய அவர் எழுத்து ஒரு காரணம். வடு ஆறியபின் இருக்கும் அடையாளம். மேலே பூசியிருந்த வருடங்கள் பெயர்ந்து விழுகிறபோது, கீழே இருந்த வடு திரும்பவும் வெளியே தெரியும்.

இனி, அறளை என்று ஊர் சொல்வது எல்லாம் அறளை இல்லை என்பதைச் சொல்லவேண்டும். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் முக்கியமான பகுதி இது.

நேற்று வரைக்கும் தெளிவாக இருந்த ஒருவர் இரண்டு நாளுக்குள் உளறத் தொடங்கினால், ஆளை அடையாளம் தெரியாமல், ஒரு நேரம் தூங்கி வழிந்து ஒரு நேரம் பரபரத்தால், அது பெரும்பாலும் டெலிரியம். இலத்தீனில் லிரா என்றால் உழவுசால். சாலை விட்டு ஏர் விலகினது போல என்பது அந்தச் சொல்லின் பொருள். சலக்கிருமி, நெஞ்சுச் சளி, உடம்பில் நீர் வற்றுதல், உப்புச்சத்துக் குறைதல், புதிதாகத் தொடங்கிய குளிசை என்று காரணம் வெளியில் இருக்கும். அது உடனே வைத்தியம் பார்க்கவேண்டிய அவசரம். காரணத்தைப் பிடித்தால் ஏர் திரும்பவும் சாலுக்கு வரும். விழுந்து தலை அடிபட்டுச் சில கிழமை கழித்துக் குழப்பம் வந்தால் மண்டைக்குள் இரத்தம் கசிந்து தேங்கியிருக்கலாம். அதை எடுத்துவிட முடியும். தைரொயிட் குறைந்தாலும் விற்றமின் பி12 குறைந்தாலும் நினைவு மங்கும். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மச்சம் மாமிசம் தொடாமல் பல வருடம் சைவமாக இருக்கும் முதியவர்களுக்குப் பி12 குறைய இடமுண்டு.

இன்னொன்று, யோசனை. தமிழ்நாட்டில் யோசனை என்றால் எண்ணம், ஆலோசனை. யாழ்ப்பாணத்தில் ‘அவவுக்கு ஒரே யோசனை’ என்றால் மனம் கவலையில் ஆழ்ந்துவிட்டது என்று பொருள். ‘யோசியாதையுங்கோ’ என்பது ஆறுதல் மொழி. மகன் காணாமல் போன தாய், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கும் தகப்பன், கணவரைச் சாகக்கொடுத்த கையோடு தனித்துப்போனவ. சாப்பாட்டில் மனம் இல்லை, நித்திரை இல்லை, கேட்டால் பதில் வர நேரம் எடுக்கிறது, ‘எனக்கு ஒண்டும் நினைவில்லை’ என்கிறார்கள். பார்ப்பவர் அறளை என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருந்தாலும் பேச்சாலும் துணையாலும் தெளியக் கூடியது. வைத்தியர்கள் கவனிக்கும் ஒரு குறிப்பு உண்டு: சோர்வில் இருப்பவர் தன் மறதியைத் தானே முறையிடுவார், அறளை பெயர்ந்தவர் தனக்கு ஒரு மறதியும் இல்லை என்று நிற்பார், முறையிடுவது பக்கத்தில் இருப்பவர்தான். இது எப்போதும் பொருந்தாது, ஆனால் யோசனையையும் அறளையையும் ஊர் முதலிலேயே இரண்டு சொல்லாகப் பிரித்து வைத்திருப்பது வீண் இல்லை.

உண்மையான அறளையை மாற்ற மருந்து இன்னும் இல்லை. தள்ளிப்போட வழி இருக்கிறது. லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024-இல் பதினான்கு காரணிகளைச் சொல்லி, அவற்றை வாழ்நாள் முழுவதும் கவனித்தால் டிமென்சியாவில் நூற்றுக்கு நாற்பத்தைந்து வரை தடுக்கவோ பிந்தவைக்கவோ முடியும் என்று கணக்கிட்டது. முழுப் பட்டியலையும் இங்கே ஒப்புவிக்கப் போவதில்லை. புளியங்கூடலுக்குப் பொருந்துவதை மட்டும் எடுக்கிறேன். இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு: கிளினிக் கொப்பி எல்லா வீட்டிலும் இருக்கிறது, குளிசையை ஒழுங்காகப் போடுவதுதான் பாக்கி. காது: கேளாத காதால் பேச்சு குறையும், பேச்சு குறைந்தால் மூளைக்கு வேலை குறையும், காது கேட்கும் கருவி வைப்பதை வயதின் அவமானமாக எண்ணுவது எங்கள் பக்கத்துப் பெரிய பிழை. கண்ணில் வெண்புரை இருந்தால் எடுத்துவிடவேண்டும். சாராயமும் புகையிலையும் உள்ள வீட்டுக்கு அவற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாவற்றிலும் இந்த ஊருக்குப் பெரியது தனிமை. வீடியோக் கோலில் பேரப்பிள்ளையின் முகம் வருவது நல்லதுதான். ஆனால் வேலிக்கு மேலால் ஒருவர் கூப்பிட்டுக் கதைப்பதற்கு அது ஈடாகாது. வெளிநாட்டிலிருந்து கோயில் மணிமண்டபத்துக்குக் காசு அனுப்புகிறவர்கள், அதே ஊரில் முதியவர்கள் பகலில் கூடி இருக்க, காது கண் பார்க்க, ஒன்றாகச் சாப்பிட ஓர் இடத்துக்கும் அனுப்பவேண்டும் என்று கையெடுத்துக் கேட்கிறேன். மகாமாரி அம்மன் அதற்குக் கோபிக்கமாட்டா.

தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் மறதிநோய் என்று எழுதுகின்றன. நல்ல நோக்கத்தில் உண்டான பெயர். ஆனால் மறதி அந்த நோயின் முன்வாசல் மட்டும். பழகிய வழி தவறுவது, சொல் வாயில் வராமல் தவிப்பது, காசுக் கணக்கு பிசகுவது, சாந்தமாக இருந்தவர் சந்தேகக்காரர் ஆவது, இரவு பகல் மாறிப்போவது எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன. மறதிநோய் என்று சொல்லிப் பழகியவர் இவற்றை வேறு குணக்கேடு என்று நினைத்து முதியவரோடு சண்டை பிடிப்பார். முழு ஆளும் மெல்ல மெல்ல இடம் அசைவதை அறளை பெயர்தல் என்ற தொடர் தவறாமல் பிடித்துவைத்திருக்கிறது. வைத்தியப் புத்தகத்தில் டிமென்சியா இருக்கட்டும். வீட்டில் இந்தச் சொல்லே போதும். இதைக் கொண்டே வைத்தியசாலைக்குப் போகலாம். யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் எவருக்கும் இது விளங்காத சொல் இல்லை. முதலில் ஊர்காவற்றுறையில் காட்டலாம். அங்கிருந்து தேவைப்பட்டால் யாழ் போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழைக்கோ அனுப்புவார்கள். இரவில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவித்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

போகும்போது குளிசைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோகவேண்டும். நாட்டுமருந்தும் அதற்குள் இருக்கட்டும். ‘அம்மாவுக்கு அறளை பேந்திட்டுது’ என்று சொன்னபிறகு, எப்போதிருந்து என்று சொல்லவேண்டும்: கிழமையா, மாதமா, வருடமா. மெல்ல வந்ததா, ஒரு நாளில் வந்ததா. இடையில் விழுந்தவவா, காய்ச்சல் வந்ததா, புதுக் குளிசை தொடங்கினதா. முன்பு தனியே செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை. இவ்வளவையும் பக்கத்தில் இருப்பவர்தான் அறிவார். ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்குத் தெரியாது. தொலைபேசியில் தாய் ‘நான் நல்லாய் இருக்கிறன் ராசா’ என்றுதான் சொல்லியிருப்பா. ஆகவே வைத்தியரிடம் கூடப் போகவேண்டியவர் காசு அனுப்புகிறவர் அல்ல, பக்கத்து வளவுக்காரியாக இருந்தாலும் தினமும் அவவைக் காண்கிறவர்.